சிலுப்பிக் கோழிக்கு எழுதிய இலக்கணம்

புதிதாகக் கால்நடை மருத்துவம் பார்க்க வந்திருக்கும் உங்களில் யாரிடமாவது ஒருநாள் ஒருவர் வந்து, "டாக்டர், எங்க கோழி எப்படி இருக்கணும்னு ஒரு இலக்கணம் எழுதிக் குடுங்க" என்று கேட்பார். கோழி எப்படி இருக்கிறது என்று கேட்டால் தாராளமாகச் சொல்லுங்கள், அது நம் வேலை. எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டால் மட்டும் அவசரப்பட்டுத் தலையாட்டிவிடாதீர்கள். இரண்டு கேள்விக்கும் நடுவே எவ்வளவு பெரிய பள்ளம் இருக்கிறது என்பதைக் கச்சிராயபாளையத்தில் வேலை பார்த்த காலத்தில்தான் நான் தெரிந்துகொண்டேன்.

கள்ளக்குறிச்சி அப்போது தனி மாவட்டம் ஆகவில்லை. கோமுகி அணைக்குக் கீழே கரும்பு, மேலே கல்வராயன் மலை. இரண்டுக்கும் சேர்த்து ஒரு கால்நடை மருந்தகம், அதில் நான். மாட்டுக்கு ஊசி, ஆட்டுக்கு மருந்து, கோழிக்கு வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி என்று பொழுது போய்க்கொண்டிருந்தது. அழகுக்காகக் கோழி வளர்க்கிறவர் யாரும் அதுவரை என் படியேறியதில்லை.

முதலில் ஏறியவர் ஏகாம்பரம். வடக்கனந்தலில் நிறையக் கரும்பு போட்டிருந்தவர், வெள்ளைச் சட்டை கசங்காத மனிதர். அன்றைக்கு அந்தச் சட்டையெல்லாம் ரத்தம். கையில் ஒரு சேவல். டிராக்டர் சக்கரத்தில் அதன் கால் மாட்டிக்கொண்டது.

"டாக்டரம்மா, உசுரு போனாக்கூடப் பரவால்லீங்க. அழகு போயிடக் கூடாது" என்றார். சேவலின் உயிரா, தன் உயிரா என்று சொல்லவில்லை.

நான் முதலில் காலைப் பார்க்கவில்லை, இறகைத்தான் பார்த்தேன். ஒன்றுகூட உடம்போடு படியவில்லை. ஒவ்வொரு இறகும் நுனி வெளியே திரும்பி, தலைப்பக்கமாகச் சுருண்டு நின்றது. பெருங்காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பவனின் தலைமுடி மாதிரி இருந்தது. இறகைச் சிலுப்பிக்கொண்டே இருப்பதுபோல் தெரிவதால் மலையில் இதைச் சிலுப்பி என்பார்கள். அங்கே யாரும் இதைப் பெரிதாக நினைக்கவில்லை. மழையில் சீக்கிரம் நனையும், பறந்து மரம் ஏறத் தெரியாது, கீரிக்கு முதலில் அகப்படும். குழம்பில் மட்டும் மற்ற கோழிக்குக் குறைவில்லை.

ஏகாம்பரம் ஒரு மலைச் சந்தையில் இதைப் பார்த்து மயங்கி வாங்கி வந்துவிட்டார். நான் காலுக்குக் கட்டுப்போட்டேன். சேவல் பிழைத்தது. வலது காலின் நடுவிரல் மட்டும் கொஞ்சம் உள்ளே வளைந்தபடி ஆறியது.

சில மாதம் கழித்து அவர் ஒரு சங்கம் தொடங்கினார். செயலாளர் திருக்கோவிலூர் சாதிக் பாய். ஜவுளிக்கடைக்காரர். வியாபாரம் ஒரு கண்ணிலும் புறா, கோழி எல்லாம் மறு கண்ணிலும் வைத்திருந்தவர். இருவரும் என்னைத் தொழில்நுட்ப உறுப்பினர் ஆக்கினார்கள். தொழில்நுட்ப உறுப்பினர் என்றால், மற்றவர்கள் முடிவு செய்ததைச் சரியான வார்த்தையில் எழுதித் தருகிறவர் என்று அர்த்தம். இது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

கோழிக்குப் பெயர் வைக்கவே இரண்டு கூட்டம் ஆனது. சிலுப்பி என்றால் மரியாதை இல்லையாம். கடைசியில் "கல்வராயன் சுருளிறகு" என்று முடிவாயிற்று. அடுத்து இலக்கணம். கொண்டை எப்படி, கண் என்ன நிறம், வால் எவ்வளவு உயரம் என்று ஒவ்வொன்றாகப் பேசினோம். ஏகாம்பரம் வாயால் பேசமாட்டார். தன் சேவலைத் தூக்கி மேசைமேல் வைப்பார். அதுதான் அவர் வாதம்.

ஒருநாள், "வலது கால் நடுவிரல் சற்றே உட்புறம் வளைந்திருப்பது விரும்பத்தக்கது" என்று எழுதச் சொன்னார்.

"அது இனத்தோட அடையாளம் இல்லீங்க, உங்க டிராக்டரோட அடையாளம்" என்றேன்.

"இருக்கட்டுங்க. பாக்க நல்லாத்தான இருக்குது?"

அந்த வரியை எடுக்க நான் பட்ட பாடு, பிரசவத்தில் கன்று திரும்பிக் கிடந்த எருமைக்குக்கூடப் பட்டதில்லை. கால் நிறம் அதைவிட மோசம். ஏகாம்பரத்தின் கோழிகளுக்குக் கறுப்புக் கால். சாதிக் பாயின் கோழிகளுக்கு மஞ்சள் கால். இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகும் நிலை வந்ததும், "கருமை கலந்த மஞ்சள்" என்று ஒரு சமாதானம் செய்தோம். ஆக, இருவரிடமும் இல்லாத ஒரு காலை எழுதி, இருவரும் மகிழ்ச்சியாகக் கையெழுத்துப் போட்டார்கள்.

ஒரு கூட்டத்துக்கு மட்டும் நான் போக முடியவில்லை. மாடுகளுக்குக் கோமாரித் தடுப்பூசி முகாம். அந்தக் கூட்டத்தில்தான் சண்டையே இல்லாமல் ஒரு வரி நிறைவேறியது. போட்டிக்கு வரும் கோழியின் தாய், தந்தை இரண்டும் சுருளிறகு உடையவையாக இருக்க வேண்டும். சாதாரண இறகு உள்ளதை இனத்திலிருந்து நீக்கிவிட வேண்டும்.

நான் அதை முதன்முதலில் படித்தது, சங்கம் அடித்து மாட்டிய ஃபிளெக்ஸ் பேனரில். சாதிக் பாயிடம், "இந்த வரி எனக்குச் சரியாப் படல பாய். சாதாரண கோழியையும் கொஞ்சம் வச்சிக்கிறது நல்லது" என்றேன்.

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் டாக்டரம்மா. ஆனா ஃபிளெக்ஸ் அடிச்சாச்சே" என்றார்.

அரசாங்கத்தில் இத்தனை வருடம் இருந்த எனக்கு அந்தப் பதில் புதிதில்லை. ஒருமுறை அச்சில் ஏறியதற்கு உயிர் வந்துவிடும். அதன் பிறகு அதற்குத் தடுப்பூசி கிடையாது.

இந்த இடத்தில் பச்சையம்மாவைச் சொல்ல வேண்டும். வெள்ளிமலையைத் தாண்டி ஒரு சிற்றூரில் இருந்தவள். கொஞ்சம் மரவள்ளி போடுவாள். கரும்பு வெட்டும் காலத்தில் புருஷனோடு கீழே இறங்கி ஏகாம்பரத்தின் வயலில் கூலிக்கு வெட்டுவாள். நாற்பது வயது இருக்கும். யாரிடமும் குரலைத் தாழ்த்திப் பேசிப் பழகாதவள். கோழி மலைக்காற்றில் வளர்ந்தால் சுருள் நன்றாக வரும் என்று யாரோ ஏகாம்பரத்திடம் சொல்லியிருக்கிறார்கள். தன் சேவலில் ஒன்றையும் இரண்டு பெட்டைகளையும் அவளிடம் வாரத்துக்கு விட்டார். பொரிக்கும் குஞ்சில் பாதி வளர்க்கிறவளுக்கு, பாதி உடையவருக்கு. மூன்றுமே அருமையான சுருள். சங்கத்தின் வரிக்கு ஒரு மயிரிழை பிசகவில்லை.

குஞ்சு பொரித்ததும் ஏகாம்பரம் மலையேறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். எல்லாம் ஒரே மாதிரிப் பஞ்சு உருண்டையாக இருக்க, பூரித்துப்போனார். இறகு முளைக்கிற பருவத்தில் மறுபடி போனார். அங்கிருந்து நேரே என் மருந்தகத்துக்கு வந்தார். கூடவே இரண்டு பேர். வெளியே ஜீப்பை நிறுத்தாமல் உறுமவிட்டிருந்தார்.

"ஏமாத்திட்டாங்க டாக்டரம்மா. அந்தப் பொம்பள குஞ்ச மாத்திட்டா."

"இன்னா ஆச்சு? உக்காருங்க."

"பாதிதாங்க சுருளு. மத்ததுல கொஞ்சம் சாதாரண நாட்டுக்கோழி. வழவழன்னு கீது. இன்னும் கொஞ்சம் சொறி புடிச்சாப்புல இறகே இல்லாம கெடக்குது. நல்ல குஞ்சையெல்லாம் வித்துட்டு, அங்க மேய்ஞ்சிக்கினு இருந்தத புடிச்சி வுட்டுட்டா. சுருளுக்குச் சுருளு போட்டா சாதாரணம் வராதுன்னு நீங்க ஒரு வார்த்த எழுதிக் குடுங்க. நான் ஸ்டேஷனுக்குப் போறேன்."

யோசிக்க வேண்டும் என்றேன். அவர் போன கொஞ்ச நேரத்தில் என் மேலதிகாரி ஒருவர் போனில் வந்தார். "கோழி விஷயம்தானேம்மா, எழுதிக் குடுத்துடுங்க. பெரிய மனுஷன்" என்றார். கோழி விஷயம்தான். ஆனால் ஸ்டேஷனுக்குப் போகப் போவது கோழி இல்லை.

இப்படி ஒரு நிலைமை உங்களுக்கும் வரும். ஒரு பக்கம் அவசரமாக ஒரு கையெழுத்து, இன்னொரு பக்கம் யாரென்றே தெரியாத ஒரு ஆள். அப்போது நான் செய்ததில் புத்திசாலித்தனம் ஒன்றும் இல்லை. பார்க்காமல் எழுதமாட்டேன் என்றேன், அவ்வளவுதான். பார்ப்பதற்கு ஒரு நாள் ஆகும். அந்த ஒரு நாளில் பெரிய மனிதர்களின் கோபம் பாதி ஆறிவிடும். ஏகாம்பரத்தின் கோபம் ஆறவில்லை என்பது வேறு விஷயம்.

மறுநாள் பஸ்ஸில் மலையேறினேன். நல்ல குளிர்காலம். பச்சையம்மா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். நான் வருவது அவளுக்கு எப்படியோ தெரிந்திருந்தது.

"நீயும் என்னத் திருடின்னு சொல்லத்தான் வந்தியா?" என்றாள்.

"கோழியப் பாக்க வந்தேன்."

"பாரு. நல்லாப் பாரு. நான் மாத்தறதா இருந்தா இத்தப் போயி வெப்பனா?"

கவிழ்த்திருந்த ஒரு கூடையைத் தூக்கினாள். உள்ளே இருந்ததைக் குனிந்து பார்த்தேன். வளரும் குஞ்சுகள். உடம்பில் இறகு இல்லை. முளைத்தது எல்லாம் சுருண்டு, சுருண்ட வேகத்தில் ஒடிந்து, அங்கங்கே ஈர்க்குச்சி மாதிரி நின்றது. சிவந்த தோல் குளிரில் நடுங்கியது. சில ஏற்கெனவே செத்துப்போயிருந்தன. மிச்சத்துக்கு அவள் தன் பழைய ரவிக்கையைக் கிழித்துச் சின்னச் சின்னதாகச் சட்டை தைத்துப் போட்டிருந்தாள். பூப்போட்ட துணி. இறக்கை வர இரண்டு ஓட்டை.

"செத்தா அதுக்கும் நான்தான் பதில் சொல்லணும். அதான்" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அதே கணத்தில் வேறொன்றும் பிடிபட்டது. கல்லூரியில் பரீட்சைக்காக மட்டும் படித்து, எழுதி முடித்த மறுநாளே மறந்த ஒரு பாடம். நான் அவளிடம் சொன்ன மாதிரியே உங்களுக்கும் சொல்கிறேன். சிலுப்பிக் கோழி ஒவ்வொன்றும் பாதிச் சுருள்தான். அதற்குள்ளே பாதி சாதாரணம் ஒளிந்திருக்கிறது. குஞ்சுக்குத் தாயிடமிருந்து ஒரு பாதி வருகிறது, தகப்பனிடமிருந்து ஒரு பாதி. இரண்டு பேரிடமிருந்தும் சாதாரணப் பாதியே வந்தால் வழவழப்பான நாட்டுக்கோழி. இரண்டு பேரிடமிருந்தும் சுருளே வந்தால் சுருள் அளவுக்கு மீறிப்போய் வழுக்கை. ஒன்றுக்கு ஒன்று கலந்தால்தான் ஏகாம்பரம் மயங்கிய அந்த அழகு.

தாய், தகப்பன் இரண்டுமே சுருளாக இருந்தால்தான் வழுக்கைக் குஞ்சு பிறக்க முடியும். வேறு சேவலை அவள் விட்டிருந்தால் இந்தச் சட்டை போட்ட ஜீவன்களே இருந்திருக்காது. ஏகாம்பரம் எதைக் காட்டி அவளைத் திருடி என்றாரோ, அதுதான் அவள் திருடவில்லை என்பதற்குச் சாட்சி.

"அப்படின்னா என் மேல தப்பு இல்லியா?" என்றாள்.

"இல்ல. கோழி மேலயும் தப்பு இல்ல."

"பின்ன யாரு மேல?"

சங்கத்தின் ஃபிளெக்ஸ் மேல் என்று சொல்ல வாயெடுத்தேன். நானும் அந்தச் சங்கத்தில் உறுப்பினர் என்பதால் பேசாமல் இருந்தேன். திரும்பும்போது ஒரு மூட்டை மரவள்ளிக்கிழங்கைக் கட்டி, பஸ் வரைக்கும் தன் தலையிலேயே சுமந்து வந்து ஏற்றிவிட்டாள்.

ஏகாம்பரத்திடம் எல்லாவற்றையும் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, "அதெல்லாம் புஸ்தகத்துக் கோழிங்க டாக்டரம்மா. நம்ம கோழி அப்படியில்ல" என்றார். நான் எழுதித் தராததால் ஸ்டேஷனுக்குப் போகவில்லை. ஆனால் வரும் பருவத்தில் பச்சையம்மாவுக்கும் அவள் புருஷனுக்கும் தன் வயலில் கரும்பு வெட்டும் வேலை கிடையாது என்று சொல்லியனுப்பினார். மலையேறிப் போய்ப் பாகம் பிரித்தார். விட்ட மூன்று கோழிகளும் சுருள் குஞ்சுகள் எல்லாமும் அவருக்கு. வழவழப்பும் வழுக்கையும் அவளுக்கு. கணக்குப்படி பாதிக்குப் பாதி. எப்படிப் பார்த்தாலும் நியாயமான பங்கு என்று ஊரில் சொல்லிக்கொண்டார்.

இதைக் கேட்டபோது எனக்கு வந்த கோபத்தைவிட, கொஞ்ச நேரம் கழித்து வந்த சிரிப்புதான் பெரிது. வழுக்கையில் இருப்பது எல்லாம் சுருள். வழவழப்பில் இருப்பது எல்லாம் சாதாரணம். இரண்டையும் சேர்த்தால் பிறக்கும் ஒவ்வொரு குஞ்சும் ஒன்றுக்கு ஒன்று கலந்துதான் பிறந்தாக வேண்டும். ஒன்றுகூடத் தவறாமல் அத்தனையும் சிலுப்பி. சங்கத்தின் கோழியை முழுசாகப் பெறுவதற்கு உலகத்தில் ஒரே வழி, சங்கம் கழித்துக்கட்டிய இரண்டு கோழிகள். அந்த இரண்டையும் ஏகாம்பரம் தன் கையாலேயே பிரித்து அவளுக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.

அடுத்த முகாமுக்கு மலையேறியபோது, வழவழப்புச் சேவலை வழுக்கைப் பெட்டையோடு சேர்க்கும்படி பச்சையம்மாவிடம் சொன்னேன்.

"சேவல் அது முதுகுல ஏறுனா தோலே கிழிஞ்சிரும் டாக்டரம்மா. வெறும் ஒடம்பு."

"சட்டை இருக்குதில்ல?"

அவள் யோசித்தாள். "முதுகுல மட்டும் ரெட்டைத் துணியா வெச்சித் தெக்கறேன்" என்றாள்.

அந்த வருடம் அவள் வேலைக்கு எங்கெங்கோ போய் வந்தாள். கேரளத்துக்குப் போய் மிளகு பறித்துவிட்டு வந்ததாக ஒருமுறை சொன்னாள். பிழைத்த வழுக்கைப் பெட்டைகள் முட்டை வைத்தன. வேறு ஒரு நாட்டுக்கோழி அடைகாத்தது. குஞ்சுகளுக்கு இறகு முளைக்கத் தொடங்கியதும் மலையிலிருந்து பால் கொண்டுவருகிற ஆளிடம் எனக்கு ஒரே ஒரு வரி சொல்லி அனுப்பியிருந்தாள். "எல்லாம் சிலுப்பி."

சங்கத்தின் கண்காட்சி கள்ளக்குறிச்சியில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. முந்தின நாள் கல்யாணத்தின் பூ அலங்காரம் மேடையில் அப்படியே இருந்தது. மணமக்கள் பெயரை மட்டும் பிய்த்துவிட்டு, அந்த வளைவுக்குக் கீழே கோழிக்கூண்டுகளை வரிசையாக வைத்திருந்தார்கள். பச்சையம்மாவை வரச் சொன்னது நான். அவள் நான்கு சிலுப்பிகளைக் கொண்டுவந்தாள். கூடவே மூடிய ஒரு கூடை. அதில் என்ன என்று கேட்டதற்கு, "வூட்ல தீனி வெக்க ஆளில்ல" என்றாள்.

நடுவர் மேற்கேயிருந்து வந்தவர். உள்ளூரில் யாரையும் தெரியாது. அதிகம் பேசாத மனிதர். ஏகாம்பரத்தின் கூண்டுகளுக்கு முன்னால் நின்றார், பார்த்தார். நல்ல கோழிகள்தான். ஆனால் அந்த வருடம் சுருளுக்குச் சுருள் போட்டதில் ஏகாம்பரத்துக்கும் வழுக்கையும் வழவழப்பும் பிறந்திருந்தன. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமல் வீட்டில் விட்டுவிட்டு, தேறியதை மட்டும் கொண்டுவந்திருந்தார். நடுவர் பச்சையம்மாவின் கூண்டுகளுக்கு வந்தார். அங்கே நின்றவர் நகரவில்லை. நான்கும் ஒரே அச்சு. ஒவ்வொரு இறகும் எண்ணெய் போட்டுச் சீவி மேலே தூக்கிவிட்ட மாதிரி. அதில் ஒரு சேவலை எடுத்து மேடை மேசையில் வைத்தார். "இதுதான்" என்றார்.

ஏகாம்பரம் எழுந்தார்.

"விதியப் படிக்கச் சொல்லுங்க. தாய், தகப்பன் ரெண்டும் சுருளா இருக்கணும். இதுக்குத் தாய் தகப்பன் எது? யாருக்குத் தெரியும்? எங்கியோ புடிச்சிக்கினு வந்துகிறா."

 சாதிக் பாய் என் பக்கத்தில் வந்து குனிந்தார். அவருக்குப் பச்சையம்மா ஜெயிப்பதில் கொஞ்சமும் வருத்தம் இல்லை. ஏகாம்பரம் தோற்பதில் கொஞ்சம் சந்தோஷமே இருந்தது.

"டாக்டரம்மா, ரெண்டும் சுருளுதான், நான் பாத்தேன்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க. நீங்க சொன்னா யாரும் மறுபேச்சு பேசமாட்டாங்க. வேலை முடிஞ்சிரும்."

அவர் சொன்னது உண்மை. யாரும் மறுத்திருக்க மாட்டார்கள். அத்தனை பேரும் என் வாயைப் பார்த்தார்கள். பச்சையம்மாவும் பார்த்தாள். விதி முட்டாள்தனமானது என்று எனக்குத் தெரியும். அவளுக்கு அநியாயம் நடந்ததும் தெரியும். ஒரு சின்னப் பொய், எல்லாம் நேராகிவிடும். ஆனால் நான் அன்றைக்கு அப்படிச் சொல்லியிருந்தால், சுருளுக்குச் சுருள் போட்டால் இப்படிப்பட்ட கோழி கிடைக்கும் என்று டாக்டரே சொன்னதாக ஆகிவிடும். மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும் வீட்டுக்குப் போய் அதையே செய்வார்கள். அடுத்த குளிரில் எத்தனை கூடைகளுக்குள் எத்தனை குஞ்சு நடுங்கிச் சாகும்? அவர்களில் எத்தனை பேர், வாரத்துக்கு வளர்த்த ஒரு பெண்ணைத் திருடி என்பார்கள்?

"ரெண்டும் சுருள் இல்ல" என்றேன்.

பச்சையம்மாவின் முகம் மாறியது. என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு, எதையோ தீர்த்துவிடுகிறவள் மாதிரி, அந்த மூடிய கூடையைத் தூக்கிக்கொண்டு மேடையேறினாள். முதலில் ஒரு சாதாரணச் சேவலை எடுத்து மேசையில் வைத்தாள். அடுத்து, பூப்போட்ட சட்டை போட்ட ஒரு வழுக்கைப் பெட்டை.

மண்டபமே சிரித்தது. கல்யாண அலங்காரத்துக்குக் கீழே, ஜோடியாக. நடுவர்கூட வாயைப் பொத்திக்கொண்டார். சிரிக்காதவர் ஏகாம்பரம் ஒருவர்தான். அவர் அந்தக் கோழிகளைக் கண்டதும் குதித்தே விட்டார்.

"பாருங்க! பாத்துக்குங்க! இத்துப்போன இந்த ரெண்டும் என்னோடது. என் ஜோடிக்குப் பொறந்த கழிசல். வேணாம்னு நான்தான் பிரிச்சி இவகிட்ட வுட்டுட்டு வந்தேன். இதுங்களுக்குப் பொறந்தது எப்படி ஜெயிக்கலாம்?"

சாதிக் பாய் மெதுவாகக் கேட்டார். "உங்க ஜோடிக்குப் பொறந்ததா?"

"ஆமா! எனக்கு அடையாளம் தெரியாதா?"

"அப்படின்னா அந்தம்மா குஞ்ச மாத்தலியா?"

ஏகாம்பரம் உட்கார்ந்துவிட்டார். ஒரு வருடமாக வடக்கனந்தலிலிருந்து திருக்கோவிலூர் வரை அவர் சொல்லிவந்த ஒரு கதையை, கோப்பை ஒன்றைத் தடுப்பதற்காக, அவர் வாயாலேயே அத்தனை பேர் முன்னிலையில் பொய்யாக்கிவிட்டார். கரும்பு வெட்டுகிறவர்கள் சிலர் பின்வரிசையில் இருந்தார்கள். அவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். நான் அந்தச் சந்தர்ப்பத்தை விடவில்லை. பாதிச் சுருள், முழுச் சுருள் கணக்கை மைக்கைப் பிடித்துச் சொன்னேன். மேசைமேல் அப்பா, அம்மா, பிள்ளை மூன்றும் நின்றதால், என் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கூட்டத்தில் நான் சொன்னது எல்லாருக்கும் புரிந்தது.

புரிந்தது, ஆனால் விதி விதிதான். சங்கம் அங்கேயே கூடிப் பேசி, பச்சையம்மாவின் சேவலைத் தகுதி நீக்கம் செய்தது. நடுவர் தோளைக் குலுக்கிவிட்டு, கோப்பையை ஏகாம்பரத்தின் கோழிக்குக் கொடுத்தார். கைதட்டல் குறைவாகத்தான் கேட்டது. கோப்பையைக் கையில் பிடித்தபடி அவர் நின்ற அளவுக்கு, தோற்றவர்கூட யாரும் தலைகுனிந்து நின்று நான் பார்த்ததில்லை.

சாயங்காலம் கச்சிராயபாளையம் டவுன் பஸ்ஸில் நானும் பச்சையம்மாவும் ஏறினோம். என் பக்கத்தில் இடம் இருந்தது. அவள் வந்து உட்காரவில்லை. கூண்டுகளையும் கூடையையும் வைத்துக்கொண்டு பின்னால் நின்றாள். நான் எழுந்து அவளிடம் போனேன்.

"உம் பேரு சுத்தமாயிடுச்சு. எல்லாரும் கேட்டாங்க" என்றேன்.

"எம் பேரு எப்பவும் சுத்தமாத்தான் இருந்திச்சு. நீ சொல்லித் தெரிய வேண்டியதில்ல." கொஞ்ச தூரம் பஸ் போனது. பிறகு கேட்டாள். "அந்தக் கப்பு எனக்கு வேணும்னு இருந்திச்சு. ஒரே ஒரு பொய். நீ சொன்னா இன்னா கொறஞ்சிருப்ப?"

குஞ்சுகள், குளிர், மற்ற கூடைகள் என்று சொல்ல ஆரம்பித்தேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இளைய நண்பர்களே, யோசித்துப் பாருங்கள். அவளுக்கு எதிராகப் பொய் எழுதச் சொன்னார்கள், மறுத்தேன். அவளுக்குச் சாதகமாகப் பொய் சொல்லச் சொன்னார்கள், மறுத்தேன். இரண்டு முறையும் செய்தது ஒரே காரியம். முதல் முறைக்கு மரவள்ளிக்கிழங்கு, இரண்டாம் முறைக்கு ஜன்னல் பக்கம் திரும்பிய முகம். நீங்கள் சரியாக நடந்துகொண்டீர்களா என்பதை, எதிரே இருப்பவர் முகத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அதே சமயம் அந்த முகத்தைப் பார்க்காமலும் இருந்துவிடாதீர்கள். நான் இரண்டையும் ஒன்றாகச் செய்யத் தெரியாமலே ஓய்வு பெற்றேன்.

கரும்புப் பருவம் வந்தபோது பச்சையம்மாவையும் அவள் புருஷனையும் வேலைக்கு வரச் சொல்லி ஏகாம்பரம் ஆள் அனுப்பினார். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை இல்லை. ஆனால் ஆள் அனுப்பினார். அவர்கள் வேறு ஒருவர் வயலில் வெட்டப் போய்விட்டார்கள்.

சங்கம் விதியைத் திருத்த எடுத்துக்கொண்ட காலம், என் எதிர்பார்ப்புக்குக் குறைவுதான். தாய் தந்தை பற்றிய வரியை எடுத்தார்கள். வழுக்கையும் வழவழப்பும் இனத்தின் பகுதி என்று சேர்த்தார்கள். சுருளுக்குச் சுருள் போடக் கூடாது என்று தடித்த எழுத்தில் போட்டார்கள். புது ஃபிளெக்ஸ் அடித்தார்கள். கையோடு, வழுக்கைப் பெட்டைக்கு ஒரு தனிப் போட்டி வைக்கலாமா, அதற்கு எத்தனை இறகு வரை அனுமதிக்கலாம் என்று சாதிக் பாய் என்னிடம் யோசனை கேட்டார். நான் தலைவலி என்று சொல்லிவிட்டேன்.

திருத்திய விதியைப் பச்சையம்மாவிடம் நேரில் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை. வெள்ளிமலையில் சந்தை கூடும் நாளில் போனேன். அவளே எதிரே வந்தாள். நல்ல மனநிலையில் இருந்தாள். டீக்கடையில் உட்கார்ந்தோம். எல்லாவற்றையும் சொன்னேன். இந்த வருடம் உன் சேவல் வந்தால் எந்தத் தடையும் இல்லை, கோப்பை உனக்குத்தான் என்றேன்.

அவள் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கோழியா? அத்தயெல்லாம் அப்பவே குடுத்துட்டேன் டாக்டரம்மா. ஆடு வாங்கிட்டேன்."

நான் டீயைக் கீழே வைத்தேன். அவள் சற்று முன்னால் சாய்ந்து, குரலைத் தாழ்த்தி, முதன்முறையாகக் கொஞ்சம் பயத்தோடு கேட்டாள்.

"ஆட்டுக்கு இன்னும் யாரும் ஒண்ணும் எழுதலியே?"